தண்ணிக்குள் இருக்கும் புரதத்தையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் புரதங்களின் வடிவம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோஷமாக, இரண்டாம் தரம் சிவப்புப் பேனையோடு. 31 வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். எனக்கு ஓய்வு தந்துவிட்டார்கள், அந்தப் பேனைக்குத் தரவில்லை, மன்னிக்கவும்.

கட்டுரையில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1895இல் ரொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டது, 1912இல் லாவே பளிங்குக்குள் அதைச் செலுத்தியது, பிராக் தகப்பனும் மகனும், மறுகா புரதத்தின் வடிவத்தை முதலில் கண்ட கென்ட்ரூ, பெருட்ஸ் என்று ஒழுங்காகத்தான் வந்திருக்கிறீர்கள். சென்னையில் இருந்து வேலை செய்த ஜி. என். ராமச்சந்திரனை மறக்காமல் போட்டதற்குத் தனியாக நன்றி. எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பந்தியில்தான். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எல்லாப் புரதங்களின் வடிவமும் தெரிந்த கதைதான், ஆய்கூடத்தில் இதற்காக மெனக்கெடத் தேவையில்லை என்ற பொருளில் முடித்திருக்கிறீர்கள். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற அந்த நுண்ணறிவு பெரிய சாதனை, இல்லை என்று சொல்லவில்லை. 2022இல் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் கணிப்பை உலகத்துக்கே திறந்து விட்டார்கள், 2024இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்த நுண்ணறிவு எதைப் பார்த்துப் படித்தது? 1971இலிருந்து சேர்த்து வைத்த புரதக் கட்டமைப்புகளைப் பார்த்து. அவற்றில் பெரும்பாலானவை பளிங்கிலிருந்து எடுத்தவை. பளிங்கு என்றால் புரதங்கள் படை வீரர் மாதிரி வரிசையில் அசையாமல் நிற்கும் இடம். நம் உடம்புக்குள் அவை அப்படியா நிற்கின்றன?

பளிங்குக்குள்ளும் ஏறத்தாழப் பாதி தண்ணிதானே என்று யாராவது மறு கடிதம் எழுதக்கூடும். சரி, உண்மைதான். ஆனால் அங்கே பக்கத்து மூலக்கூறு தோளில் கை போட்டு நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சனம் நிறைந்த பஸ்சில் ஒருவர் நிற்கும் நிலையைப் படம் பிடித்து, இவர் எப்போதும் இப்படித்தான் கையை மடக்கி வைத்திருப்பார் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

இந்தக் கதையெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்போது ஐரோப்பாவில் ஆராய்ச்சி செய்கிறாள். இரவில் சிலவேளை வட்ஸ்அப்பில் அழைப்பாள், அவளுக்கு மத்தியானமாக இருக்கும். ஒரு நாள், "என்ன மகள், உன்ட புரதத்தின்ட படம் எப்படி இருக்கு, காட்டு பார்ப்போம்" என்றேன். "படம் இல்ல சேர், ஒரு வளையி மட்டுந்தான்" என்று திரையில் காட்டினாள். வாவிக்குள் இறங்கும் மேடு மாதிரி இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து போகும் ஒரு கோடு. அவ்வளவுதான். இதற்காகவா இவ்வளவு காசு செலவழிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், அவளிடம் சொல்லவில்லை.

அவள் செய்வதற்குச் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல் என்று பெயர், சுருக்கமாக சாக்ஸ் என்பார்கள். புரதத்தைப் பளிங்காக்காமல், அது விரும்பும் உப்பும் அமிலத்தன்மையும் உள்ள தாங்கற் கரைசலில் கரைத்து, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு துளி அளவு எடுத்து, அதற்குள்ளால் எக்ஸ்-கதிரைச் செலுத்தி, நேர்கோட்டிலிருந்து மிகக் கொஞ்சமாக விலகிப் போகும் கதிர்களை மட்டும் எண்ணுகிறார்கள். மில்லிலீற்றருக்குச் சில மில்லிகிராம் புரதம் போதும்.

ஏன் சிறிய கோணம் என்று கேட்பீர்கள். இதை விளக்க எனக்கு ஆய்கூடம் தேவையில்லை, வானம் போதும். மெல்லிய முகில் நிலாவை மறைத்துக்கொண்டு போகும்போது நிலாவை ஒட்டி மங்கலாக நிறம் காட்டும் சின்ன வட்டம் தெரியும், பார்த்திருப்பீர்கள். ("அகல் வட்டம் பகல் மழை" என்று நம் கிழவர்கள் சொல்லும் பெரிய வட்டம் வேறு, அது உயரத்தில் உள்ள பனிப் பளிங்குகள் ஒளியை முறிப்பதால் வருவது.) இந்தச் சின்ன வட்டம் முகிலில் உள்ள நீர்த் துளிகளால் வருகிறது. துளி சிறியதானால் வட்டம் அகலும், துளி பெரியதானால் வட்டம் நிலாவோடு ஒட்டிக்கொள்ளும். தலைகீழ்க் கணக்கு. எக்ஸ்-கதிருக்கும் அதே கணக்குத்தான். செப்பிலிருந்து வரும் எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.154 நனோமீற்றர். 10 நனோமீற்றர் அளவான ஒரு புரதத்தை எடுங்கள், ஒன்றை மற்றதால் பிரித்தால் ஏறத்தாழ 0.9 பாகை வருகிறது. 2 மீற்றர் தள்ளி உணரியை வைத்தால் நடுவிலிருந்து 3 சென்ரிமீற்றர் விலகலுக்குள் விஷயம் முடிந்துவிடும். நடுவிலேயோ சிதறாமல் நேரே வரும் கதிர் கண்ணைக் குருடாக்கும் பிரகாசத்தில் நிற்கும். அதனால் அந்த இடத்தில் ஒரு சிறு உலோகத் துண்டை வைத்து மறைத்துவிடுகிறார்கள், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துத் தூரத்துத் தோணியைப் பார்க்கிற மாதிரி.

இதன் பழைய கதையிலும் நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள், அது உங்கள் கட்டுரையில் விடுபட்டது. திரவங்களில் எக்ஸ்-கதிர் எப்படிச் சிதறுகிறது என்று சி. வி. ராமனும் கே. ஆர். ராமநாதனும் 1923இலேயே எழுதினார்கள். 1930 அளவில் கிருஷ்ணமூர்த்தி என்பவர் நேர் கதிருக்கு மிக அருகில் வரும் சிதறலைக் கவனித்துப் பதிவு செய்தார். அதற்கு ஒழுங்கான சட்டம் போட்டுத் தந்தவர் பிரான்சின் ஆந்திரே கினியே, 1938, 39 அளவில். அவர் பார்த்துக்கொண்டிருந்தது புரதத்தையே அல்ல, அலுமினியமும் செப்பும் கலந்த உலோகத்தை! அந்தக் கலப்புலோகம் நாட்கள் போகப் போக ஏன் கடினமாகிறது என்று தேடப் போனவர், அதற்குள் செப்பு அணுக்கள் நனோமீற்றர் கணக்கில் கூட்டம் கூடி நிற்பதைக் கண்டார். இன்று புரதக்காரர்கள் அவரைக் கும்பிடுகிறார்கள்.

கினியே சொன்னதை உயர்தரப் பிள்ளை ஒன்றால் செய்துவிட முடியும். சிதறலின் செறிவுக்கு மடக்கை எடுத்து, கோணத்தின் வர்க்கத்துக்கு எதிரே வரைபு கீறினால், மிகச் சிறிய கோணங்களில் ஒரு நேர்கோடு வரும். முதலாம் வரிசைத் தாக்கத்துக்கு மடக்கை வரைபு கீறிப் படித்திறன் (கோட்டின் சரிவு) எடுக்கிறோமே, அதே வித்தைதான். இங்கே படித்திறன் புரதத்தின் பருமனைச் சொல்கிறது, அதாவது அதன் நிறை நடுவிலிருந்து எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்று. கோட்டை நீட்டிப் பூச்சியக் கோணத்தில் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் மூலக்கூற்று நிறை கிடைக்கும். கோழி முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம், 129 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், அதற்கு இந்த முறையில் ஏறத்தாழ ஒன்றரை நனோமீற்றர் ஆரை வரும். புது மாணவர்களுக்குக் கை பழக்க அதைத்தான் முதலில் கொடுப்பார்களாம். சரியான விடை வராவிட்டால் பிழை புரதத்தில் இல்லை, உன்னில்தான் என்று பொருள்.

இனி இதன் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான். எக்ஸ்-கதிர் இலத்திரன்களில் பட்டுத்தான் சிதறுகிறது. ஒரு கன நனோமீற்றர் தண்ணியில் 334 இலத்திரன்கள் இருக்கின்றன, அதே அளவு புரதத்தில் 420 சொச்சம். வித்தியாசம் அவ்வளவுதான். அதுவும் கரைசலில் புரதம் இருப்பது நூற்றுக்கு அரைப்பங்கு மாதிரி. ஆகவே முதலில் புரதக் கரைசலை அளக்க வேண்டும், பின் புரதம் இல்லாத வெறும் தாங்கற் கரைசலை அளக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். அம்பாறைப் பக்கம் நெல் லொறியைத் தராசில் ஏற்றி நிறுத்து, நெல்லை இறக்கிவிட்டு வெறும் லொறியைத் திரும்ப நிறுப்பார்களே, அதே கணக்கு. ஆனால் இங்கே லொறியில் இருப்பது 200 மூட்டை நெல் இல்லை, ஒரு மரைக்கால் நெல். நெல்லை இறக்கிய சாரதி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறினால் கணக்குப் பிழைத்துவிடும். இரண்டு கரைசல்களுக்கும் உப்பில் துளி வித்தியாசம் இருந்தாலே போதும், கழித்து வருவது புரதமா உப்பா என்று தெரியாது. அதனால் புரதத்தை ஒரு மென்சவ்வுப் பைக்குள் போட்டு, வெளியே உள்ள கரைசலோடு இரவு முழுக்கச் சமநிலைக்கு வரவிட்டு, அந்த வெளிக் கரைசலையே வெறும் லொறியாக எடுக்கிறார்கள்.

என் மாணவி இதையெல்லாம் சரியாகச் செய்தும் முதல் தரம் வழுக்கி விழுந்தாள். புரதத்தைச் சுத்தமாக்கிப் பனிக்கட்டியில் வைத்துப் பொதி செய்து, எக்ஸ்-கதிர் நிலையம் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம், ஒரு நாள்தான். அளந்தால், நேர்கோடாக வரவேண்டிய இடத்தில் கோடு சீறிய பாம்பு மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வழியில் எங்கேயோ புரதம் கொஞ்சம் கட்டிபட்டுவிட்டது. கண்ணுக்குத் தெளிவான தண்ணி மாதிரித்தான் இருந்ததாம். கட்டி எவ்வளவு கொஞ்சம் என்றாலும் சாக்ஸ் அதைச் சும்மா விடாது, ஏனென்றால் ஒரு துணிக்கை சிதறடிக்கும் செறிவு அதன் நிறையின் வர்க்கத்துக்கு விகிதசமன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தப் புரதத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் நூறு நூறு மூலக்கூறுகள் சேர்ந்த கட்டிகளாக இருந்தால், பூச்சியக் கோணத்தருகே அந்த ஒரு பங்கு போடும் சத்தமும் மீதி 99 பங்கு போடும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கோயில் திருவிழாவில் நூறு பேர் கதைத்துக்கொண்டிருக்க ஒருவர் ஒலிபெருக்கியை எடுத்த மாதிரி. பிள்ளை அன்றிரவு அழுதுவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. "என்ட வகுப்பில நீ எத்தின தரம் நியமிப்புப் பிழைச்சு திரும்பச் செய்தனீ" என்று கேட்டேன் (நியமிப்பு என்பது கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும் பயிற்சி). அது ஆறுதலா என்று தெரியவில்லை, சிரித்தாள்.

அடுத்த தரம் அவள் தந்திரம் மாற்றினாள். நுண்ணிய துளைகள் உள்ள குறுணிகள் நிரப்பிய ஒரு கம்பத்துக்குள்ளால் கரைசலைச் செலுத்தி, அதிலிருந்து வடிந்து வரவர நேரே எக்ஸ்-கதிருக்குள் விட்டாள். இதில் பெரியவை முதலில் வெளியே வரும், சின்னவை பிந்தி வரும். தலைகீழ் மாதிரித் தெரிகிறதா? சந்தைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பெரியவர்கள் நேரே நடந்து மறுமுனைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழைந்து வெளியே வருவார்கள். கட்டிகள் துளைக்குள் நுழைய முடியாததால் முன்னால் போய்த் தொலைந்தன, நல்ல புரதம் பின்னால் தனியாக வந்தது. கரைசல் ஓடிக்கொண்டே இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ்-கதிர் தண்ணியை உடைத்துத் தாக்குதிறன் மிக்க மூலிகங்களை உண்டாக்கும், அவை புரதத்தைத் தாக்கிக் கட்டிபட வைக்கும். ஓடினால் ஒரே மூலக்கூறு நீண்ட நேரம் அடி வாங்காது. கோடு நேராக வந்ததாம். அன்றைக்கு எனக்கு அழைத்தது இங்கே விடியற்காலை 3 மணிக்கு.

ஆசிரியர் ஐயா, இனித்தான் உங்கள் கட்டுரையோடு நேரடியாகச் சண்டை. பளிங்குப் படமும் கரைசல் வளையியும் எப்போதும் ஒன்றையே சொல்லுமா? பல தரம் சொல்லும், சில தரம் சொல்லாது. பற்றீரியாவில் அஸ்பார்ட்டேற்று டிரான்ஸ்காபமைலேசு என்று ஒரு நொதியம், அதாவது இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் புரதம், இருக்கிறது (பெயரைக் கண்டு பயப்படாதீர்கள்). 12 துணையலகுகள் சேர்ந்த பெரிய உருவம், வேலை செய்யாதபோது சுருங்கியும் வேலைக்கு வரும்போது நீண்டும் இருக்கும். பளிங்கில் இரண்டு நிலைகளையும் பிடித்து, நீளும்போது அதன் இரு பாதிகளும் 1.1 நனோமீற்றர் விலகுகின்றன என்று கணித்தார்கள். அதே நொதியத்தைக் கரைசலில் வைத்துச் சாக்ஸ் செய்தபோது, சுருங்கிய நிலை பளிங்கோடு பொருந்தியது, நீண்ட நிலை பொருந்தவில்லை. கரைசலில் அது பளிங்கில் இருப்பதைவிட இன்னும் கூட நீண்டிருந்தது. 1997இல் ஸ்வெர்குன் என்ற சாக்ஸ் ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். அதாவது பளிங்கில் அயலவர் நெருக்கியதில் அது முழுதாகச் சோம்பல் முறிக்கவில்லை. பஸ்சுக்குள் கை மடக்கிய ஆள் கதை கட்டுக்கதை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு வகை இருக்கிறது, அவற்றைப் பளிங்காக்கவே முடியாது, ஏனென்றால் அவற்றுக்கு ஒரு வடிவமே கிடையாது. கொதித்த நூடில்ஸ் மாதிரி ஒவ்வொரு கணமும் வேறு வேறு வளைவில் நீந்திக்கொண்டிருக்கும். பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள அல்ஃபா-சினூக்லீன் அப்படி ஒன்று. இப்படிப் புரதத்தை ஆல்ஃபாஃபோல்டிடம் கொடுத்தால் அதுவும் நாடா மாதிரி ஏதோ ஒன்றைக் கீறித் தரும், கூடவே இதில் எனக்கு நம்பிக்கை குறைவு என்று நிறம் பூசியும் காட்டும். நேர்மையான இயந்திரம்தான். அந்த நிறத்தைப் பத்திரிகைகள்தான் கவனிப்பதில்லை. ஆனால் சாக்ஸ் இங்கே திணறாது. ஒஸ்திரியாவில் கிராற்ஸ் நகரத்தில் இருந்த ஒட்டோ கிராட்கி காட்டிய ஒரு வரைபு இருக்கிறது: செறிவைக் கோணத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கீறினால், உருண்டு திரண்ட புரதத்துக்கு மணி மாதிரி ஒரு மேடு வந்து இறங்கும், அவிழ்ந்து கிடக்கும் புரதத்துக்குக் கோடு ஏறிவிட்டு இறங்க மறுக்கும். ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதற்கு மட்டக்களப்பில் இருந்துகொண்டு தூரத்து உதாரணம் ஏன் தேட வேண்டும்? தயிர் முட்டியைப் பாருங்கள். பாலில் உள்ள கேசீன் புரதங்கள் அந்த நூடில்ஸ் வகையைச் சேர்ந்தவைதான், ஒழுங்கான மடிப்பு இல்லை, பளிங்காகாது. அவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கல்சியம் பொசுபேற்றின் சின்னஞ்சிறு குவியல்களை உள்ளே பொதிந்துகொண்டு, நூறு நூற்றைம்பது நனோமீற்றர் பருமனான உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. பால் வெள்ளையாகத் தெரிவதற்கு இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம், அதுவும் சிதறல் கதைதான். உறை ஊற்றி வைத்தால் பற்றீரியா இலற்றிக் அமிலத்தை உண்டாக்குகிறது, பிஎச் 6.7இலிருந்து 4.6ஐ நோக்கி இறங்குகிறது, உருண்டைகளை ஒன்றையொன்று தள்ளி வைத்திருந்த மின்னேற்றம் இல்லாமல் போகிறது, உள்ளே இருந்த கல்சியம் பொசுபேற்று கரைந்து வெளியேறுகிறது, எல்லாம் ஒட்டிக்கொண்டு வலை பின்னித் தண்ணியைப் பிடித்து வைக்கிறது. முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர். அந்த உருண்டையின் உள்ளே என்ன ஒழுங்கு என்று விஞ்ஞானிகள் பல பத்து வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள், அந்தச் சண்டையில் இரு பக்கமும் கையில் வைத்திருக்கும் சாட்சியங்களில் முக்கியமானது எக்ஸ்-கதிர், நியூத்திரன் சிதறல் வளையிகள். நாம் அதைச் சீனி போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறோம்.

பாம்புக்கடி மருந்தும் அப்படித்தான். நம் வயல்களில் கண்ணாடிப் புடையன் கடித்தால் ஏற்றும் மருந்து இந்தியாவிலிருந்து வருவது, குதிரையின் குருதியில் நஞ்சுக்கு எதிராக உண்டாகும் பிறபொருளெதிரிகள் என்ற புரதங்களிலிருந்து தயாரிப்பது. பிறபொருளெதிரி என்பது பாடப் புத்தகத்தில் ஆங்கில வை எழுத்து மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். உண்மையில் அதன் இரண்டு கைகளும் பிணைச்சல் போட்ட கதவு மாதிரி ஆடும். ஆடுவதால்தான் அதைப் பளிங்காக்குவதும் கஷ்டம், ஆடுவதால்தான் இரண்டு கைகளாலும் எட்டிப் பிடிக்கவும் அதற்கு முடிகிறது. புத்தகத்துப் படத்தைப் பார்த்துப் படித்த பிள்ளைக்கு இது எங்கே தெரியப் போகிறது.

நானும் பிழை விட்டவன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். நொதியத்துக்குப் பூட்டும் திறப்பும் என்று எமில் பிஷர் 1894இல் சொன்ன உவமையை வருடா வருடம் அப்படியே ஒப்புவித்தேன். கோஷ்லண்ட் 1958இல் சொன்னதை, அதாவது திறப்பு நுழையும்போது பூட்டும் வளைந்து கொடுக்கும் என்பதை, பரீட்சைக்கு ஒரு வசனமாக மட்டும் எழுத வைத்தேன். ஈமோகுளோபின் பளிங்குக்கு ஒட்சிசன் பட்டதும் பளிங்கே உருமாறிப் போவதை ஹவுரோவிற்ஸ் 1938இல் நுணுக்குக்காட்டியில் கண்ணால் பார்த்தார் என்று வகுப்பில் ஒரு நாளாவது சொல்லியிருந்தால், எத்தனை பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்! மூலக்கூறு அசைகிறது, மூச்சு விடுகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

சாக்ஸை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதன் பலவீனம் எனக்குத் தெரியும், என் மாணவியே சொன்னாள். கரைசலில் மூலக்கூறுகள் எல்லாத் திசையும் பார்த்துக்கொண்டு நிற்பதால் கிடைப்பது எல்லாவற்றின் சராசரி, ஒரே ஒரு வளையி. அதிலிருந்து அணு அணுவாக இடம் குறிக்க முடியாது. வெவ்வேறு வடிவங்கள் ஏறக்குறைய அதே வளையியைத் தரலாம். ஒரு வடிவமும் அதன் கண்ணாடி விம்பமும் அச்சொட்டாக அதே வளையியைத்தான் தரும், இடது கையா வலது கையா என்று அதற்குத் தெரியாது. அவள் சொன்ன ஒப்புமை எனக்குப் பிடித்தது. "சேர், கல்லடிப் பாலத்தடியில நிலாக் காலத்தில துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மறு முனையைக் காதில வைச்சுப் பாடும் மீன் கேட்பாங்களே, அதுதான் இது" என்றாள். மீனைப் பார்ப்பதில்லை, கேட்கிறோம். கேட்டதை வைத்து அங்கே ஒன்று இருக்கிறதா, பலதா, கிட்டவா, தூரவா என்று சொல்லலாம். பாடுவது மீன்தானா சிப்பியா என்ற வழக்கு இன்னமும் முடியவில்லை, அதற்காக யாரும் சத்தமே இல்லை என்று சொல்வதில்லை.

அதனால்தான் இப்போது கெட்டிக்காரர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். பளிங்கிலிருந்தோ ஆல்ஃபாஃபோல்டிலிருந்தோ ஒரு வடிவத்தை எடுப்பது, அந்த வடிவம் கரைசலில் இருந்தால் என்ன வளையி வரவேண்டும் என்று கணிப்பது, அளந்த வளையியோடு ஒப்பிடுவது. பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால்தான் சுவாரசியமே தொடங்குகிறது: இரண்டு மூலக்கூறு சோடி சேர்ந்து நிற்கிறதா, ஒரு பகுதி மடங்கித் திரும்புகிறதா, அல்லது இயந்திரம் கீறியதே பிழையா? ஆகவே நுண்ணறிவு வந்ததால் ஆய்கூட வேலை முடிந்தது என்பது தலைகீழ். கணிப்பு கூடக்கூட அதைச் சரி பார்க்கும் வேலையும் கூடியிருக்கிறது.

இதெல்லாம் பணக்கார நாட்டு விளையாட்டு, எங்களுக்கு என்ன என்று உங்கள் வாசகர் சிலர் நினைக்கலாம். இலங்கையில் சிங்க்ரோட்ரோன் (இந்தச் சக்திவாய்ந்த எக்ஸ்-கதிரை உண்டாக்கும் பெரிய இயந்திரம்) இல்லை, உண்மை. ஆனால் இந்தியாவில் இந்தூரில் இருக்கிறது, தாய்லாந்தில் நக்கோன் ராட்சசீமாவில் இருக்கிறது. இரண்டும் அமெரிக்கா தூரம் இல்லை. அதைவிட முக்கியமானது, அளந்து முடித்த வளையிகளை ஹம்பேர்க்கில் இருந்து நடத்தும் எஸ்ஏஎஸ்பிடிபி என்ற தரவுக் களஞ்சியத்தில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றை ஆராயும் அட்சாஸ் மென்பொருளையும் பல்கலைக்கழக ஆட்களுக்குச் சும்மா தருகிறார்கள். வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ படிக்கும் ஒரு பிள்ளை, ஒரு பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்து, யாரோ அளந்த லைசோசைம் வளையிக்குக் கினியே கோடு கீறி ஆரை எடுக்கலாம். நான் எடுத்தேன். 63 வயதில், பேரனின் கணினியில், இரண்டு பின்னேரம் செலவழித்து. முதல் நாள் விடை பிழைத்தது, எங்கே பிழை என்று பார்த்தால் கோட்டை அளவுக்கு மீறி வலப்பக்கம் நீட்டியிருக்கிறேன். கோணக் கணியத்தையும் (கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்துக் கணிப்பது) ஆரையையும் பெருக்கினால் 1.3ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, அதைக் கவனிக்கவில்லை. மாணவியிடம் காட்டினேன். "திரும்பச் செய்யுங்க சேர்" என்றாள், என் குரலிலேயே.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, அந்தக் கடைசிப் பந்திக்கு அடுத்த ஞாயிறு ஒரு சிறு திருத்தம் போடுங்கள். எல்லாம் தெரிந்துவிட்டது என்பதை எடுத்துவிட்டு, பல புரதங்களின் நிலையான வடிவத்தை நன்றாகக் கணிக்க முடிகிறது, அவை கரைசலில் எப்படி அசைகின்றன, எதோடு சேர்கின்றன என்பதை அளந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதினால் போதும், நான்கு வரிதான். இரண்டு, புரதத்தின் நாடா நாடாவான வர்ணப் படத்தைப் பெரிதாகப் போடும்போது அதன் கீழே அது பளிங்கிலிருந்து வந்ததா, கணிப்பா, கரைசலில் அளந்ததா என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். மீன் படம் போட்டால் கடல் மீனா வாவி மீனா என்று எழுதுகிறீர்கள்தானே.

என் மாணவியின் வளையியை இதோடு அச்சிட்டு இணைத்திருக்கிறேன், அவளிடம் கேட்டுத்தான். இடம் இருந்தால் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் வந்தாலும் பரவாயில்லை, அதில் நிறம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.